பூசமா, ஆயில்யமா

ஸ்ரீவில்லிபுத்தூர்
2-8-1993

அன்புள்ள அத்தானுக்கு,

பூரணம் எழுதுவது. பாப்பா நன்றாக இருக்கிறாள். பகலெல்லாம் அவள் தூங்குகிறாள், இரவெல்லாம் என்னைத் தூங்க விடுவதில்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து பத்து நாளாகிறது. ராஜபாளையமே திரண்டு வந்து வடம் பிடித்தது, உங்களைத் தவிர. பிரசவத்துக்கு வந்த பெண்டாட்டியையும் இரண்டு மாதப் பிள்ளையையும் பார்க்கத் தேர் ஒரு சாக்காகக்கூட உதவவில்லை. "மருமகன் வருவாக, வருவாக" என்று அம்மா சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று நம் தெரு மாரிச்சாமி அண்ணன், அதுதான் பஸ் கண்டக்டர், இந்தப் பக்கம் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், காப்பி குடித்தார், பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒங்க அத்தை கொழாயடியில சொல்லிக்கிட்டு இருந்தாக தாயி. நீ பூசம் இல்லையாம்லா, ஆயில்யமாம்லா. கம்ப்யூட்டர்ல வந்திருச்சாம்."

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாரின் உயிருக்கு ஆகாதவள் என்று நம்புகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. அத்தை அவர்களில் முதல் ஆள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பூசம் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதானே டம்ளரையே கையில் எடுத்தார்கள்?

மில் வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் வைக்கப்போகிறேன் என்று நீங்கள் நின்றபோது எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். வைக்கட்டும் என்று சொன்னவள் நான் ஒருத்தி. அந்தப் பெட்டி முதல் வேலையாக என் நட்சத்திரத்தையா மாற்ற வேண்டும்?

என்ன நடந்தது என்று நீங்களே எழுதுங்கள். அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற புருஷனுக்குத் தபால் போட எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பரிபூரணம்


ராஜபாளையம்
9-8-1993

அன்பு பூரணம்,

மாரிச்சாமி வாயில் பூட்டுப் போட ஆள் இல்லை. நானே வந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதற்குள் அவன் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டான்.

பெட்டி மதுரையிலிருந்து வந்து இறங்கிய அன்று கடையில் ஒரே கூட்டம். எதையாவது போட்டுச் சோதிக்க வேண்டுமே, பாப்பாவின் ஜாதகத்தைப் போட்டேன். அடுத்து என்னுடையது. பழைய நோட்டில் இருந்தபடியே அச்சாக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் குஷியில் உன் பிறந்த தேதியையும் நேரத்தையும் அடித்தேன். பிரின்டர் கரகரவென்று தள்ளிய தாளை நான் பார்ப்பதற்குள் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எடுத்து உரக்கப் படித்துவிட்டார். கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம். அம்மா அங்கேயேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு ஜோசியர் வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்து எழுதினார். பெட்டிக்குள் இருப்பது திருக்கணிதம். நட்சத்திரம் முடிகிற நேரம் இரண்டிலும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். நீ பூசம் முடியப்போகிற சமயத்தில் பிறந்தவள். அவர் கணக்கில் பூசம் முடியவில்லை, பெட்டியின் கணக்கில் முடிந்துவிட்டது. இதை அம்மாவுக்கும் பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பம் ரெண்டுல எதுலே சரி?" என்றாள்.

வாசலில் இருக்கிற போர்டில் 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று எழுதியிருக்கிறது. நான் சொல்லித்தான் பெயின்டர் எழுதினான். அதற்குக் கீழே நின்றுகொண்டு பெட்டி தப்பு என்று சொன்னால் நாளைக்கு யார் படியேறுவார்கள்? பெட்டி சரி என்றால் நீ எப்படிப் படியேறுவாய்?

இன்னொன்று. அம்மாவின் கால் புண் ஆறிவிட்டதாம். "அவ போன பொறவுதான் ஆறுச்சு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சூடு தணியட்டும். கொஞ்ச நாள் அங்கேயே இரு.

தேருக்கு வராததற்குக் காரணம் இதுதான். வந்தால் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ளாமல் திரும்ப எனக்குக் கால் வராது.

உன்,
காமராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16-8-1993

அத்தானுக்கு,

கொஞ்ச நாள் என்றால் எம்புட்டு நாள்? அதையும் பெட்டியில் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

அத்தையின் கால் புண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் மாசமாக இருந்தபோது, குனிய முடியாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து தினமும் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியது யார்? சத்திரப்பட்டியிலிருந்து நீங்கள் பேண்டேஜ் துணி வாங்கி வருவீர்கள், வெந்நீர் வைத்துத் துடைத்தது நான். சர்க்கரை வியாதிக்காரர்களின் புண் மெதுவாகத்தான் ஆறும் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் சொன்னார்கள். அது ஆறியிருந்தால் எனக்குச் சந்தோஷம். நான் இல்லாததால் ஆறியது என்றால் அதை எந்தக் காதால் கேட்பது?

நான் பிறந்த நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். கடிகாரம் பார்த்துக் குறித்ததில்லையாம். நான் பிறந்த செத்த நேரத்துக்கெல்லாம் கோவிலில் உச்சிகால மணி அடித்ததாம். அதை வைத்துப் பெரியம்மா ஒரு நேரம் சொல்ல, ஜோசியர் எழுதிக்கொண்டாராம். பெரியம்மா உத்தேசமாகச் சொன்ன நேரத்தை வைத்துக்கொண்டு உங்கள் பெட்டி நிமிஷம் நொடி வரை கணக்குப் போட்டு என்னை வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இது உங்களுக்கே வேடிக்கையாக இல்லையா?

தனுஷ்கோடி அண்ணன் கொதித்துக்கொண்டிருக்கிறான். "நாலு பெரியவங்களக் கூட்டிக்கிட்டுப் போயி நாக்கப் பிடுங்குத மாதிரி கேக்கேன்" என்கிறான். நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன். யாரோ நாலு பேர் வந்து சொல்லித்தான் நான் உங்களுக்குப் பெண்டாட்டி என்றால், அப்படி ஒரு வீடு எனக்கு வேண்டாம்.

நான் களைத்துப்போயிருக்கிறேன் அத்தான். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

பரிபூரணம்


ராஜபாளையம்
30-8-1993

அன்பு பூரணம்,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் மூச்சுவிட நேரமில்லை. வத்திராயிருப்பு, மகாராஜபுரம், சேத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஜோசியர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதுவதை இங்கே டீ ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கரன்ட் போனால்கூடப் போகாமல் காத்திருக்கிறார்கள். அம்மா தினமும் வந்து காலைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறாள். "எம் மவன் பெட்டி சொன்னா சொன்னதுதான்" என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேறு செய்கிறாள். மில்லில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவள் என்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை.

உன் கடிதத்தில் ஒரு வழி இருக்கிறது. அது உனக்கே தெரியவில்லை. உன் பிறந்த நேரமே உத்தேசம்தான் என்கிறாய். அப்படியானால் அதை அரை மணி முன்னால் தள்ளிவைத்தால் என்ன? நேற்று கடையை அடைத்த பிறகு போட்டுப் பார்த்தேன். பூசம், நாலாம் பாதம் என்று அருமையாக வந்தது. தாளை எடுத்து வைத்திருக்கிறேன். முன்னால் நேரத்தைத் தப்பாக அடித்துவிட்டேன், கை பிசகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அவள் நம்புவாள். பெட்டிக்கும் பழுதில்லை, உனக்கும் பழுதில்லை. நல்ல நாள் பார்த்து வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன்.

உங்கள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை. யாராவது கேட்டால் அதே நேரத்தைச் சொல்லட்டும்.

உன்,
காமராஜ்

பி.கு. மாரிச்சாமியிடம் பேண்டேஜ் துணி கொடுத்து அனுப்புகிறேன். மெத்தென்று இருக்கிறது. பாப்பாவுக்குத் துணி கட்ட ஆகும்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
6-9-1993

அத்தானுக்கு,

துணி வந்தது. நல்ல துணி. பாப்பாவுக்குக் கட்டியிருக்கிறேன்.

உங்கள் தாளை வைத்து அடுப்பு மூட்டிவிடுங்கள். அந்த அரை மணியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் கட்டிய கதையைச் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அரை மணி நேரம் நான் செத்துப் பொழச்ச நேரம்டி. அது இல்லைன்னு சொல்லச் சொல்லுதியா?" என்றாள்.

நேரம் உத்தேசமாகவே இருக்கட்டும். அதை முன்னே பின்னே தள்ள உங்களுக்கு என்ன உரிமை? இன்று ஒரு தாளைக் காட்டி என்னை உள்ளே கூப்பிடுவீர்கள். நாளை அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் முதல் தாளை அவர்கள் தேடமாட்டார்களா? நாலு வருஷம் அந்த வீட்டில் சமைத்திருக்கிறேன், துவைத்திருக்கிறேன், உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன், சமாதானமாகியிருக்கிறேன். அதெல்லாம் எதில் பதிவாகியிருக்கிறது? எந்தப் பெட்டிக்கும் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது. அத்தை பயப்படுகிறார்கள், சரி. உங்களுக்கு என்ன வந்தது?

கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த வக்கீல் ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். விஜயதசமியன்று வந்து சேரச் சொல்கிறார்கள். எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் வாங்கியிருக்கிறார்களாம். அதுவும் மெஷின்தான். ஆனால் நான் அடிப்பதைத்தான் அது அடிக்கும்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்
20-9-1993

பூரணத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தால் அதிலும் குற்றமா? மில்லை விட்டு வந்தவன் நான். இந்தக் கடையும் போனால் மறுபடி அந்த கேட்டில் போய் நிற்க முடியாது. சிரிப்பார்கள். நீ அங்கே அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் எழுதிவிடுகிறாய். நான் இங்கே போர்டுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம்.

காமராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4-10-1993

அத்தானுக்கு,

விஜயதசமியன்று வேலையில் சேர்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். வேறு ஒன்றுமில்லை.

பரிபூரணம்


ராஜபாளையம்
16-10-1993

அன்பு பூரணம்,

கோபத்தில் எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. பாப்பா குப்புற விழுந்ததை நான் தபாலில் தெரிந்துகொண்டேன் பார், அன்றைக்குக் கடையைத் திறக்கவே பிடிக்கவில்லை.

இன்று ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகாராஜபுரத்திலிருந்து வேல்சாமி என்று ஒரு விவசாயி வந்தார். மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம், பத்திரிகையே அடித்தாகிவிட்டது. "சும்மா ஒரு மனத்திருப்திக்கு" என்று பெண் ஜாதகத்தையும் மாப்பிள்ளை ஜாதகத்தையும் நீட்டினார். போட்டேன். கையால் எழுதியதில் இருந்த பொருத்தம் பெட்டியில் வரவில்லை. தாளைப் பார்த்ததும் மனுஷன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க வீட்டுலயும் இப்படி மாறி வந்துச்சுன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாக. நீங்க என்ன செஞ்சீக?"

அம்மா இன்று கடைக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "நான் ஒண்ணும் செய்யலண்ணே. எங்கூடத்தான் இருக்கா. அம்மாவும் நல்லா இருக்காக. நீங்க கல்யாணத்த நடத்துங்க."

"நெசமாவா தம்பி?" என்றார். "நெசம்தான்" என்றேன். அவருக்கு உயிர் வந்தது. தாளை என் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து என் பெயரை எழுதிக் கொடுத்தார். "ஒங்க சம்சாரத்தையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுக் கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பெட்டி பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். போர்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன ஒரு நிமிஷம், நீ உள்ளே அடுப்படியில் இருப்பது போலவே எனக்குத் தோன்றியது. இத்தனை நாளில் அந்த ஒரு நிமிஷம்தான் நிம்மதியாக இருந்தேன்.

வா பூரணம். நான் சொன்ன பொய்யை நீ வந்துதான் மெய்யாக்க வேண்டும்.

உன்,
காமராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-10-1993

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் கொல்லையில் நின்று படித்தேன். அழுகை வந்தது. மறைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். யாரோ வேல்சாமிக்குச் சொல்ல வந்த வாய், அத்தையிடம் சொல்ல ஏன் வரவில்லை? அவருடைய மகளின் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடாதீர்கள். நம் கல்யாணத்துக்கே இப்போது சாட்சி இல்லாமல் இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் எதுவும் வேண்டாம். அவரிடம் என்ன சொன்னீர்களோ அதையே அத்தையிடம் சொல்லுங்கள். எங்கூடத்தான் இருக்கா. இந்த இரண்டு வார்த்தை போதும். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்களோ, அதை மாற்றாமல் எனக்கு எழுதுங்கள்.

விஜயதசமிக்கு முன்னால் எதுவும் வராவிட்டால் நான் வேலையில் சேர்ந்துவிடுவேன். சேர்ந்த பிறகு கூப்பிட்டால் வரமாட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். எனக்கே அந்தக் குணத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது.

பூரணம்


ராஜபாளையம்
22-10-1993

அன்பு பூரணம்,

சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். எச்சில் கையைக்கூடக் கழுவவில்லை, கழுவப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "அம்மா, பூரணம் ஆயில்யமாவே இருக்கட்டும். அவ எங்கூடத்தான் இருப்பா" என்றேன்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, இத்தனை நாளாகச் சேலைக்குள் இழுத்து வைத்திருந்த காலை மெதுவாக வெளியே நீட்டினாள். பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன் பூரணம். புண் ஆறவே இல்லை. மேலாக மூடி, உள்ளே சீழ் வைத்து, மறுபடி வாய் திறந்திருக்கிறது. ஆவணி மாதத்திலிருந்தே இப்படியாம்.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னுலே சொல்ல? அவ போன பொறவுதான் ஆறுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேம்லா" என்றாள்.

நீ மாற்றாமல் எழுதச் சொன்னாய். அதற்குப் பிறகு அவள் சொன்னது இது. "எனக்குப் பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு. அவ வந்த பொறவும் பயமாத்தான் இருக்கும். வரச்சொல்லு. வலி தெரியாமக் கட்டு மாத்த அவளுக்குத்தான் தெரியும்." செத்த நேரம் கழித்து, "ஒண்ணு மட்டும் செஞ்சிராத. எனக்கு முடிவு எப்பம்னு அந்தப் பெட்டியில போட்டுப் பாத்துராத" என்றாள்.

அது அந்தப் பெட்டிக்குத் தெரியாதும்மா என்றேன். தெரிந்தவன் மாதிரி சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

இன்று காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம். நாளை ஆயுத பூஜை, கடையைத் திறக்கப்போவதில்லை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை மாரிச்சாமியிடம் விட்டுவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உன் வாசலில் வந்து நின்றால் இவ்வளவும் என் வாயில் வராது.

நீ வேலைக்குப் போவதானால் இங்கிருந்து போய் வா. அரை மணி நேர பஸ்தான்.

இந்தக் கடிதம் வரும்போது நீ அங்கே இருக்கமாட்டாய். வந்ததும் உங்கள் அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், பிரித்துப் படிக்க வேண்டாம், இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். நீ இங்கே இருந்து படித்துக்கொள்.

உன்,
காமராஜ்